நடுக்கடலில் முனீரா லாத்தா

"எங்க மதினி நடுக்கடல்ல நிக்கிறாங்க" என்றார் ஜாஃபர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

அஹமது கபீர் வாய்வரை கொண்டுபோன டீயை அப்படியே இறக்கினார். துப்பறியும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இந்த மேசைக்குக் காணாமல் போன பூனை வந்திருக்கிறது, காணாமல் போன மாப்பிள்ளை வந்திருக்கிறார், காணாமல் போனதாகச் சொல்லிக்கொண்டு பாத்தாம் தீவில் மீன்பிடித்தவர்கூட வந்திருக்கிறார். கடலில் நிற்கும் மதினி இதுதான் முதல்.

"நிக்கிறாங்களா, மிதக்கிறாங்களா?"

"கபீர் பாய், விளையாடாதீங்க."

"இல்ல, ரெண்டுக்கும் வேற வேற ஆள் கூப்பிடணும். அதான் கேட்டேன்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த திவ்யதர்ஷினி சிரிக்கவில்லை. காப்புறுதி நிறுவனத்தில் யாரையும் நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கிப் பழகியவள். இப்போது அதையே சொந்தக் கடையாக வைத்திருக்கிறாள். கபீர் ஒரு காலத்தில் தேக்காவில் கைக்கடிகாரமும் கேமராவும் விற்றவர். கைப்பேசி வந்து இரண்டையும் விழுங்கிவிட, மிச்சமிருந்த ஒரே சரக்கான வாயை மூட்டைகட்டிக்கொண்டு திவ்யாவிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அவள் அவருக்கு மகள் வயது. சம்பளம் கேட்கும் நாளில் மட்டும் அவளை "மேடம்" என்பார்.

ஜாஃபர் கைப்பேசியை நீட்டினார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்று காலை வந்த செய்தி:

'நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாதுன்னு ஊரெல்லாம் சொல்றியாமே ஜாஃபர்? இந்தா பிடி. 1 18 20. 103 51 9. தைரியம் இருந்தா வா.'

"இது என்ன நம்பர்?" என்றாள் திவ்யா.

"இடத்தோட நம்பராம். மேப்ல போட்டா காட்டும்னாங்க. புள்ளி வச்சுப் போட்டேன். பாருங்க."

திரை முழுக்க நீலம். சிங்கப்பூர் வலப்பக்க மூலையில், கரிமுன் தீவு கீழே, நடுவே தண்ணீரில் சிவப்புக் குண்டூசி ஒன்று தன்னந்தனியாக நின்றது.

"பேரு முனீரா, என் அண்ணன் பொண்டாட்டி. சின்னவங்க எல்லாம் முனீரா லாத்தான்னு அக்கா முறையில கூப்பிடுவாங்க. அண்ணன் மௌத்தானதுக்கு அப்புறம் நினைவு சரியில்ல. போன மாசம் செங்காங் எல்ஆர்டி ரயில்ல ஏறி, இறங்கத் தெரியாம சுத்திச் சுத்தி வந்திருக்காங்க."

"செங்காங் எல்ஆர்டியில சுத்தாதவன் யாரு பாய்? நான் ஏறினாலே ரயிலுக்கு மயக்கம் வந்துடும்."

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஆளக் காணோம். இன்னிக்கு மூணு மணிக்குள்ள கண்டுபிடிச்சாகணும்."

"ஏன் மூணு மணி?" திவ்யாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கபீருக்குத் தெரியும், அவள் குரல் சாதாரணமாக இருந்தால் எதிரே இருப்பவர் ஏதோ உளறிவிட்டார் என்று பொருள்.

"டாக்டர் அப்பாயின்மென்ட்" என்றார் ஜாஃபர், கொஞ்சம் வேகமாக. "சரி, ரேட் சொல்லுங்க."

இது கபீரின் மைதானம். சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"மூணு வகை இருக்கு. ஆளக் கையோட கூட்டிட்டு வந்து உங்க முன்னால நிறுத்தணும்னா முழு ரேட். எந்த மாடி, எந்தக் கதவுன்னு காட்டி விட்டா அதுல பாதி. இடத்த மட்டும் சொல்லணும்னா அதுலயும் பாதி."

"இடம் தெரிஞ்சா கதவு தெரியாதா? கதவு காட்றதுக்கு எதுக்குத் தனியாக் காசு?"

"சர்வீஸ் லா, பாய்."

"உங்க சர்வீச நீங்களே வச்சுக்கிங்க. இந்த நம்பர் எந்த இடம்னு சரியாச் சொல்லுங்க, போதும். மத்தத நான் பாத்துக்கிறேன்."

"இடம் மட்டும்?"

"இடம் மட்டும்."

"பேசினது பேசினதுதானே?"

"நாம என்ன சின்னப் பிள்ளைங்களா?" இருவரும் கை குலுக்கினார்கள். அந்தப் பாதியின் பாதியிலும் கொஞ்சம் குறைத்து எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் ஜாஃபர் படியிறங்கினார்.

"போலீசுக்கு ஏன் போகலைன்னு கேட்டேன், குடும்ப மானம்னாரு" என்றாள் திவ்யா, பையை எடுத்துக்கொண்டே. "மதினி கடல்ல நிக்கிறாங்கன்னு நம்புறவரு பேரம் பேசுவாரா அண்ணே?"

"எங்க ஆளுங்க பேசுவாங்க. ஆனா கொஞ்சம் அழுதுட்டுப் பேசுவாங்க."

"எழுந்திரிங்க. அவங்க மக யும்னா செங்காங்ல இருக்காளாம்."

"மறுபடியும் ரயிலா? காலையிலதான் பாசிர் ரிஸ்லேர்ந்து வந்தேன்." கபீரின் வீடு இதே கட்டடத்தில், ஆபீசுக்கு நேர் மேலே. ஒரு மாடி இறங்கினால் வேலை, ஏறினால் சோறு. நேற்று சாயங்காலம் திடீரென்று அவர் மனைவி கதீஜா, குளியலறைக் குழாய் உடைந்துவிட்டது, வீடெல்லாம் தண்ணீர், தம்பி வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள் என்று துண்டையும் பல்துலக்கியையும் கையில் கொடுத்துப் பாசிர் ரிஸ்சுக்கு அனுப்பிவிட்டாள். "இன்னிக்கு மத்தியானச் சாப்பாடும் வெளியிலயாம். குழாய்க்காரன் இன்னும் முடிக்கலையாம். கப்பலக்கூட இதுக்குள்ள ரிப்பேர் பண்ணியிருப்பான்."

*

செங்காங் வீட்டின் இரும்புக் கம்பிக் கதவை யும்னா திறக்கவில்லை. முப்பது வயது இருக்கும். கம்பிக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஜாஃபர் சாச்சா அனுப்பின ஆளுங்களா?"

"ஆமா" என்றாள் திவ்யா.

"பொய்யாவது சொல்லியிருக்கலாம். வந்த லிஃப்ட் இன்னும் போகல. கிளம்புங்க."

"உங்க அம்மா எங்கன்னு கேக்க வரல. அவங்க சாச்சா சொல்ற மாதிரிதான் இருக்காங்களான்னு தெரிஞ்சுக்க வந்தேன்."

யும்னா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு ஒன்று அரைவாசி திறந்தது.

"எங்கம்மாவுக்கு மறதி! கடைய நடத்துறது யாருன்னு நினைச்சீங்க? துறைமுகத்துல நங்கூரம் போட்டு நிக்கிற கப்பலுக்கெல்லாம் அரிசி, பருப்பு, எண்ணெய் ஏத்துற கடை எங்களோடது. அத்தா இருந்தப்பவே ஆர்டர் எடுக்கிறது அம்மாதான். கப்பல் எங்க நிக்குதுன்னு ரேடியோவுல சொல்லுவான். அம்மா காதுல வாங்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு படகுக்காரனுக்கு வழி சொல்லும். சாச்சா கல்லாவுல உக்காந்து ஏசி போட்டுக்குவாரு."

"அப்ப மூணு மணிக்கு டாக்டர்?"

"டாக்டர் மூணு மணிக்கு முன்னால. மூணு மணிக்கு வக்கீல். அத்தா மௌத்தான துக்கத்துல அம்மா, கடைய நீயே பாத்துக்கன்னு சாச்சாவுக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்துடுச்சு. இப்ப அவரு கடையையே விக்கப் போறாரு, நாளைக்குக் கையெழுத்து. இன்னிக்கு மூணு மணிக்கு அம்மா நேர்ல போய் அந்த அதிகாரத்த ரத்து பண்ணணும். அதுக்குள்ள அம்மாவ ஒரு டாக்டர்கிட்ட உக்கார வச்சு நினைவு சரியில்லைன்னு வாங்கிட்டார்னா, அப்புறம் அம்மா போடற கையெழுத்துக்கு என்ன மதிப்பு?"

கபீர் கைப்பேசியில் மணி பார்த்தார்.

"அவங்க எங்க இருக்காங்கன்னு எனக்கே தெரியாது" என்றாள் யும்னா. "என்கிட்ட சொல்லல. சொன்னா நீ அழுதுகிட்டே ஓடி வருவ, பின்னாலயே அவன் வருவான்னுச்சு. இப்ப போங்க. சாச்சாகிட்ட சொல்லுங்க, யும்னா கதவத் திறக்கலைன்னு."

*

ரயிலில் திவ்யா அந்த எண்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்க வேண்டிய நிலையத்தையும் தாண்டித் தோபி காட் என்று அறிவிப்பு வரும் வரைக்கும் போகப் போகிறாளோ என்று கபீர் பயந்தார். ஆனால் பொத்தோங் பாசிரிலேயே நிமிர்ந்துவிட்டாள்.

"அண்ணே, புள்ளி வச்சது யாரு?"

"எந்தப் புள்ளி?"

"ஒண்ணுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல. செய்தியில புள்ளியே இல்ல. ஜாஃபரா வச்சது. முனீரா அம்மா கப்பல்காரங்க மாதிரி சொல்லியிருக்காங்க. டிகிரி, நிமிஷம், செகண்ட். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிஷம், ஒரு நிமிஷத்துக்கு அறுபது செகண்ட். கடிகாரம் வித்தவர்தானே நீங்க?"

"வித்தேன். பாத்துக்கிட்டு உக்காரல."

திவ்யா எண்களைச் சரியான முறையில் தட்டினாள். கடலில் நின்ற குண்டூசி ஒரே தாவலில் கரையேறி, ஊருக்குள் பாய்ந்து, சிராங்கூன் ரோட்டைத் தாண்டி நின்றது.

"டன்லப் ஸ்திரீட்! நம்ம தெரு!" கபீர் போட்ட சத்தத்தில் எதிரே தூங்கிக்கொண்டிருந்த ஒரு மாணவன் அடுத்த நிலையத்தில் இறங்கிப் போனான்.

"கத்தாதீங்க. இதுல ஒரு செகண்ட்னா தரையில முப்பது மீட்டர். மூணு நாலு கடை முன்னப் பின்ன இருக்கும்."

*

லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து வெயிலுக்குள் ஏறி வந்தபோது, ஒவ்வொரு கடையாகப் புகுந்து விசாரிக்கலாம் என்றார் கபீர். திவ்யா தலையாட்டவில்லை.

"விசாரிச்சா ஜாஃபருக்குச் சேதி போகும். அவங்க இடத்த நாம தேட வேணாம். நம்ம இடத்தப் பாத்துக்கிட்டே நடப்போம்."

மேப்பில் நீலப் புள்ளி ஒன்று துடித்தது. அதுதான் அவர்கள். திவ்யா அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்தாள். கீழே எண்கள் எழும்பின. வடக்கே 1, 18, 24. கிழக்கே 103, 50, 58.

"இது நாம நிக்கிற இடம். வடக்கு இருபத்தி நாலுலேர்ந்து இருபதுக்கு இறங்கணும். கிழக்கு அம்பத்தி எட்டுலேர்ந்து ஏறி, அறுபது ஆனதும் நிமிஷம் அம்பத்தி ஒண்ணாகி, அப்புறம் ஒம்பது வரைக்கும் போகணும். வாங்க."

நடந்தார்கள். பூக்கடையைத் தாண்டும்போது அழுத்திப் பார்த்தாள். சிராங்கூன் ரோட்டைக் கடந்து அழுத்திப் பார்த்தாள். கிழக்கு ஏறியது, வடக்கு இறங்கியது. டன்லப் ஸ்திரீட்டுக்குள் திரும்பியதும் கபீருக்கே வெறி பிடித்துவிட்டது. ஏலத்தில் நிற்பவர்போல "ஏழு! ஏழு! எட்டு வருது பாரு!" என்று முன்னால் ஓடினார். தையல்கடை வாசலில் எட்டு. பயணிகள் விடுதியைத் தாண்டியதும் ஒன்பது. வடக்கே இருபது.

"நில்லுங்க" என்றாள் திவ்யா.

நின்றார்கள். ஐந்தடி நடைபாதையில், அழகப்பன் மளிகைக்கடை முன்னால். கடைக்குப் பக்கத்தில் குறுகலான மாடிப்படி. படியின் மேல் ஒரு பலகை: 'திவ்யதர்ஷினி துப்பறியும் நிறுவனம், மாடியில்.'

கபீர் பலகையைப் பார்த்தார். கைப்பேசியைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"உங்க போன் ரிப்பேர்" என்றார்.

"போன் சரியாத்தான் இருக்கு."

கபீர் மளிகைக்கடைக்குள் பாய்ந்தார். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தேங்காய்க் கூடையை நகர்த்தினார். அழகப்பன் கல்லாவிலிருந்தபடி, "என்ன தேடுறீங்க பாய்?" என்றார்.

"ஒரு லாத்தா."

"அது வரல. பாஸ்மதிதான் வந்திருக்கு."

ஆபீசையும் திறந்து பார்த்தார்கள். மேசை, நாற்காலி, காலையில் ஆறவிட்ட டீ. கபீர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அம்மா நம்மள ஏமாத்திட்டாங்க, மேடம். ஜாஃபர் நம்மகிட்டதான் வருவான்னு தெரிஞ்சு, நம்ம ஆபீஸ் நம்பரையே அனுப்பிட்டாங்க."

திவ்யா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். மேலே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே, இந்த நம்பர் வடக்கு எவ்வளவு, கிழக்கு எவ்வளவுன்னுதான் சொல்லும். உயரம் சொல்லாது. அடுக்குமாடி புளோக்ல அடி வீட்டுக்காரருக்கும் உச்சி வீட்டுக்காரருக்கும் ஒரே நம்பர்தான். கப்பல்ல மாடி கேக்க மாட்டாங்க. நம்ம ஊர்ல கேக்கணும்." நிறுத்தினாள். "குழாய் எப்ப உடைஞ்சுதுன்னு சொன்னீங்க?"

"நேத்து சாயங்..." கபீர் பாதியில் விழுங்கினார். "தண்ணி கசிஞ்சா முதல்ல இந்தக் கூரையிலதானே கசியணும்?"

கூரை காய்ந்த அப்பளம்போல் இருந்தது.

*

கதவைத் திறந்த கதீஜா கணவரைப் பார்த்து முகம் சுளித்தாள். "வெளியில சாப்பிடச் சொன்னேன்ல?"

அவளுக்குப் பின்னால், கபீரைத் தவிர வேறு யாரும் உட்காரக்கூடாத சாய்வு நாற்காலியில், வெள்ளை முக்காட்டுடன் ஓர் அம்மாள் அமர்ந்து மீன் ஆணத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"வா தம்பி. நீதான் கபீரா?" என்றார் முனீரா. "துப்பறியிற ஆபீசுக்கு நேர் மேலயே நான் இருந்தும், கண்டுபிடிக்கப் பாதி நாள் ஆச்சே உங்களுக்கு."

"கதீஜா, என்கிட்ட ஒரு வார்த்தை..."

"உங்ககிட்டயா? காலையில சொன்னா மத்தியானத்துக்குள்ள தேக்கா மார்க்கெட் மீன்கூடப் பேசும். லாத்தா எனக்குப் பள்ளிவாசல் வகுப்புல பழக்கம்."

திவ்யா முனீராவின் எதிரே உட்கார்ந்தாள். "யும்னாவப் பாத்தோம். எல்லாம் சொன்னாங்க. ஆனா ஒண்ணு புரியல. ஒளிஞ்சுக்க வந்தவங்க எதுக்கு நம்பர் அனுப்பினீங்க?"

"ஒளிஞ்சேன்னு யாரு சொன்னா? நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வேன் அனுப்புறேன், டாக்டர்கிட்ட போறோம்னான். அந்த வேனுக்கு மட்டும் தள்ளி நின்னேன். நினைவில்லாதவ எங்கயோ தொலைஞ்சு போயிட்டான்னு அவன் சொல்லக்கூடாதுல்ல? அதான், நான் நிக்கிற இடம் எனக்குத் தெரியும்னு எழுதி அனுப்பினேன். படிக்கத் தெரியாதது அவன் குத்தம்."

கபீரின் கைப்பேசி அடித்தது. ஜாஃபர்.

"எடுக்காதீங்க" என்றாள் திவ்யா. "வாங்கினத திருப்பிக் கொடுத்துடலாம். இந்த வேலை நமக்கு வேணாம்."

"ஏன் வேணாம்?" முனீரா கையைக் கழுவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "என்ன பேசினீங்க அவன்கிட்ட?"

கபீர் மூன்று வகை ரேட்டையும் சொன்னார். முனீரா கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கதவுக்குக் காசு குடுக்க மாட்டேன்னானா? அவன் அப்பவே அப்படித்தான். பேசினபடி குடு தம்பி. ஒரு செகண்ட் குறையாமக் குடு. வியாபாரம்னா வியாபாரம்."

கபீர் திவ்யாவைப் பார்த்தார். அவள் மெல்ல, மிக மெல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் கபீர் இந்த வேலையில் இருக்கிறார்.

"ஜாஃபர் பாய், கண்டுபிடிச்சாச்சு" என்றார் கைப்பேசியில். "வடக்க ஒரு டிகிரி, பதினெட்டு நிமிஷம், இருபது செகண்ட். கிழக்க நூத்தி மூணு, அம்பத்தி ஒண்ணு, ஒம்பது. கடல் இல்ல, டன்லப் ஸ்திரீட். போன கையில வச்சுக்கிட்டு நடங்க, நம்பர் பொருந்துற இடத்துல நில்லுங்க. ஆள் அங்கதான். நம்ம கணக்கு முடிஞ்சுது."

*

வேன் வந்தபோது நால்வரும் ஜன்னல் மறைப்பின் இடுக்கு வழியே பார்த்தார்கள். ஜாஃபர், தடியாக இரண்டு பேர், மருந்துப் பெட்டியுடன் வெள்ளைச் சீருடையில் ஒரு தாதி. ஜாஃபர் கைப்பேசியைத் தட்டுபோல ஏந்திக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார், நின்றார், நேராக அழகப்பன் கடைக்குள் புகுந்தார். கொஞ்ச நேரத்தில் தேங்காய் உருளும் சத்தமும் அழகப்பனின் கூச்சலும் கேட்டன.

"பின்பக்கம் சுழல்படி இருக்கு, லாத்தா" என்றாள் கதீஜா, குரலைத் தாழ்த்தி. "சந்து வழியா டாக்ஸி..."

"பின்பக்கமா?" முனீரா செருப்பை மாட்டினார். "அவன் முன்பக்கம் வருவான், நான் பின்பக்கம் போவேனா? என் கடை, என் கையெழுத்து. முன்படி வழியாத்தான் போவேன். தம்பி, நீ முன்னால இறங்கு."

கபீர் முன்னால் இறங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் சொல்ல வேடிக்கைப் பேச்சு எதுவும் இல்லை. நெஞ்சை மட்டும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார். பின்னால் முனீரா. அவர் பின்னால் திவ்யாவும் கதீஜாவும்.

மளிகைக்கடையிலிருந்து மாவு படிந்த சட்டையோடு ஜாஃபர் வெளியே வரவும், முனீரா கடைசிப் படியில் கால் வைக்கவும் சரியாக இருந்தது.

"மதினி!" ஜாஃபர் ஒரு கணம் திகைத்து, உடனே குரலை உருக்கினார். "எங்கெல்லாம் தேடினேன்! வாங்க, வண்டியில ஏறுங்க." தடியர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள். தெரு கவனிக்கத் தொடங்கியிருந்தது. தையல்கடை எந்திரம் நின்றது. ஜாஃபர் எல்லோருக்கும் கேட்க, "பாவம், நினைவு சரியில்ல" என்றார்.

முனீரா அவரைத் தாண்டித் தாதியைப் பார்த்தார். "நீ நர்ஸாம்மா? நினைவு சரியா இருக்கான்னு பாக்க முதல்ல என்ன கேப்பீங்க?"

தாதி தயங்கினாள். "இப்ப நீங்க எங்க இருக்கீங்கன்னு கேப்போம்மா."

"கேளு."

"அம்மா, இப்ப எங்க இருக்கீங்க?"

"வடக்க ஒரு டிகிரி பதினெட்டு நிமிஷம் இருபது செகண்ட். கிழக்க நூத்தி மூணு டிகிரி அம்பத்தி ஒரு நிமிஷம் ஒம்பது செகண்ட். டன்லப் ஸ்திரீட், அழகப்பன் கடை வாசல், வெயில்ல." முனீரா ஜாஃபர் பக்கம் கையை நீட்டினார். "இப்ப அதையே இவன்கிட்ட கேளு."

ஜாஃபர் கைப்பேசியைப் பார்த்தார். திரை அணைந்திருந்தது. தட்டினார். தையல்கடைப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

தாதி மருந்துப் பெட்டியைச் சாத்தினாள். "சார், நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றாள். தடியர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வந்த ஓரடியை அப்படியே பின்வாங்கினார்கள்.

ஜாஃபரின் கோபம் கபீர்மேல் திரும்பியது. "மாடியில இருக்காங்கன்னு நீ சொல்லவே இல்லையே!"

"மாடி வேற ரேட்டு, பாய்" என்றார் கபீர். வாய் திரும்பி வந்துவிட்டது. "நீங்கதான் வேணாம்னீங்க."

முனீரா நிற்கவில்லை. தெருமுனையில் கதீஜா நிறுத்திய டாக்ஸியில் ஏறிக் கதவைச் சாத்தினார். ஓட்டுநர் திரும்பி, எங்கே போகணும் அம்மா, மேப்ல போடட்டுமா என்று கைப்பேசியை எடுத்தார்.

"அத வச்சுட்டு ஓட்டுப்பா. மூணு மணிக்குள்ள போகணும்" என்றார் முனீரா. "வழி நான் சொல்றேன்."